இரவல் பாகங்களின் வேகம்

1946ஆம் ஆண்டு. போர் முடிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு. லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன் என்ற ஊரில் கார் பட்டறை நடத்திவந்த சார்லஸ் கூப்பரும், அவருடைய மகன் ஜானும், ஜானின் நண்பர் எரிக் பிராண்டனும் சேர்ந்து அந்த ஆண்டு ஒரு பந்தயக் காரைக் கட்டினார்கள். ஃபியட் டோப்போலினோ என்ற சிறிய இத்தாலியக் காரின் முன்பாதிகள் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னாலும் இன்னொன்றைத் திருப்பிப் பின்னாலும் வைத்துச் சட்டத்தைப் பற்றவைத்தார்கள். டோப்போலினோவின் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியே ஏறி இறங்கக் கூடியவை. முன்பாதியையே பின்னாலும் வைத்ததால் நான்கு சக்கரங்களுக்கும் அந்த வசதி வந்துவிட்டது. என்ஜினாக வந்தது பந்தய மோட்டார் சைக்கிள்களில் ஓடிய ஜேஏபி 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின். அது சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் வகை. சங்கிலி நீளக்கூடாது என்பதற்காக என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். 13 ஆண்டுகள் கழித்து, 1959இல், இதே நிறுவனத்தின் கார் ஜாக் பிராபமை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனாக்கியது. 1960இலும் பட்டம் அவருக்குத்தான். இரண்டு காரிலும் என்ஜின் இருந்த இடம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்.

இந்தக் கதைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. கையில் பணம் இல்லை, கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள், திறமைசாலிகள் என்பதால் பிழைத்துக்கொண்டார்கள் என்பது அது. அவர்கள் ஏன் பிற வண்டிகளின் பாகங்களை நாடினார்கள் என்பதற்கு அது பதில். அந்தப் பாகங்கள் பந்தயத்தில் ஏன் நொறுங்கிப்போகவில்லை என்பதற்குப் பதில் ஆகாது. காய்கறி வாங்கப் போகும் குடும்பக் காருக்காக வடிவமைத்த அச்சும் பிரேக்கும், அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடும் காரில் எப்படித் தாக்குப்பிடித்தன? இதற்குத் திறமை, துணிச்சல் என்று பதில் சொல்வது போதாது. இயற்பியலில்தான் பதில் இருக்கிறது. ஒரு பாகத்தின் வலிமை அந்தப் பாகத்துக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. அதன் மேல் எவ்வளவு சுமை வருகிறது, எவ்வளவு காலம் வருகிறது, எந்தத் திசையில் வருகிறது என்பவற்றோடு சேர்த்துத்தான் வலிமை என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. இந்த மூன்றையும் மாற்றிவிட்டால், பாகத்தைத் தொடாமலேயே அதை வேறொரு பாகமாக மாற்றிவிடலாம். இரவல் பாகங்களில் பந்தயக் கார் கட்டுவது ஏழையின் ஒப்பேற்றல் வேலை அல்ல, முழுமையான ஒரு பொறியியல் முறை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. எல்லை எங்கே வரும் என்பதையும் அதே இயற்பியலே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

சுமையிலிருந்து தொடங்குவோம். ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். அந்த ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். ஆட்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் 1,000 கிலோ எடையுள்ள ஒரு குடும்பக் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அதை நிறுத்தும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 3.9 லட்சம் ஜூல். அதே பிரேக்கை, ஓட்டுநரோடு சேர்த்து 500 கிலோ மட்டுமே உள்ள ஒரு காரில் பொருத்தினால், அதே ஆற்றலுக்கு அந்தக் கார் 141 கிலோமீட்டர் வேகத்தில் ஓடலாம். பிரேக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. வளைவுகளிலும் இதே கணக்குதான். வளைவில் சக்கரத்தின் அச்சையும் அதைத் தாங்கும் வார்ப்பையும் வளைக்கப் பார்க்கும் விசை, எடையை வளைவின் முடுக்கத்தால் பெருக்கக் கிடைப்பது. எடையைப் பாதியாக்கிய கார் இரு மடங்கு கடுமையாக வளைந்தாலும் அச்சுக்கு வரும் விசை பழையதுதான். கியர்பாக்ஸுக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. கனமான கார் மேட்டில் நின்று கிளம்பும்போது டயர் தரையை இறுகப் பிடித்திருக்கும். என்ஜினின் முறுக்கு முழுவதும் கியர்ப் பற்களின் மேல் இறங்கும். இலேசான காரில் அந்த அளவு முறுக்கு வருவதற்குள் டயர் வழுக்கிவிடும். எடை குறைந்த மாத்திரத்தில், சாதாரணக் காரின் பாகங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் தகுதி உயர்ந்துவிடுகின்றன.

அப்படியானால் எடையைக் குறைப்பதுதான் முதல் வேலை, அதை இரவல் வாங்க முடியாது. காலின் சாப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரிலிருந்து தம் முதல் காரைக் கட்டினார். 1950களின் தொடக்கத்தில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த லோட்டஸ் மார்க் சிக்ஸ் இந்த முறையின் பாடநூல் என்றே சொல்லலாம். என்ஜின் ஃபோர்டின் 1,172 சிசி; பின் அச்சும் கியர்பாக்ஸும் ஃபோர்டுடையவை. முன் அச்சும் ஃபோர்டின் விறைத்த இரும்பு அச்சுதான்; அதை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கீல் போட்டு, சக்கரங்கள் தனித்தனியே ஆடும்படி செய்தார்கள். இவ்வளவு இரவலுக்கும் நடுவில் சாப்மனே வடிவமைத்தது சட்டம் ஒன்றை மட்டும். மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த அந்தச் சட்டத்தின் எடை சுமார் 25 கிலோ. செவ்வகத்தின் மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது, அதன் பக்கங்கள் இழுபட்டோ அழுத்தப்பட்டோ விசையைத் தாங்கும். குழாய் வளைவதை எதிர்ப்பதைவிட நீள்வதையும் குறுகுவதையும் எதிர்ப்பதில் பல மடங்கு வலியது. பாலங்களைக் கட்டுபவர்களுக்கு எப்போதோ தெரிந்த இந்த உண்மையைச் சாப்மன் ஒரு சிறிய காருக்குள் கொண்டுவந்தார். பாகங்கள் ஃபோர்டுடையவை, அவற்றை வேகமாக ஆக்கியது வடிவியல். முழுக் கார் வாங்கினால் பிரிட்டனில் கட்ட வேண்டியிருந்த விற்பனை வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை என்பதும் அந்தக் காரின் விற்பனைக்குக் கைகொடுத்தது.

எடையின் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1958 ஜனவரியில் பியூனஸ் அயர்ஸில் நடந்த அர்ஜென்டினா கிராண்ட் பிரீ சான்று. ஃபெராரிகளிடம் 2.4 லிட்டர் என்ஜின்கள் இருந்தன. ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய சிறிய கூப்பரில் 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவான கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ஜின். அந்தக் கூப்பரின் சக்கரங்களை நான்கு நட்டுகள் பிடித்திருந்தன. நடுவில் ஒரே நட்டு உள்ள எதிரணிக் கார்களைப் போல நொடிகளில் டயர் மாற்ற முடியாது. டயர் மாற்ற நிறுத்தினால் தோல்வி நிச்சயம். மாஸ் நிறுத்தவே இல்லை. இலேசான கார் டயரை மெதுவாகத்தான் தேய்க்கும்; அந்த ஒன்றை நம்பி, கடைசிச் சுற்றுகளில் டயரின் துணி தெரியும்வரை ஓட்டி, ஃபெராரியில் வந்த லூயிஜி முஸோவை 2.7 நொடியில் முந்தினார். ஓட்டுநருக்குப் பின்னால் என்ஜின் உள்ள கார் உலக சாம்பியன் போட்டிகளில் பெற்ற முதல் வெற்றி அது. அத்தகைய அமைப்பு 1930களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்களில் இருந்தது என்பது உண்மை. கூப்பர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தது கோட்பாட்டின் வழியாக அல்ல, மோட்டார் சைக்கிள் சங்கிலியின் வழியாக. இரவல் பாகத்தின் கட்டாயம் அவர்களைத் தள்ளிச் சென்ற இடத்தில், முன்னாலிருந்து பின்னால் போகும் நீண்ட சுழல் தண்டு தேவைப்படவில்லை. தண்டு இல்லாததால் ஓட்டுநர் தாழ்வாக உட்காரலாம், தாழ்வாக உட்கார்ந்தால் காற்றைக் கிழிக்கும் முகப்பு சிறுக்கும், எடையும் குறையும்.

இரண்டாவது, காலம். உலோகம் ஒரே இழுப்பில் அறுந்துபோவது அரிது. லட்சக்கணக்கான முறை சிறிது சிறிதாக வளைந்து நிமிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து, ஒருநாள் முறிவதுதான் வழக்கம். இந்தச் சோர்வு முறிவுக்கு ஒரு கடுமையான விதி உண்டு. வெல்டிங் இணைப்புகளில், அழுத்தத்தைப் பாதியாக்கினால் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ எட்டு மடங்காகும். மென்மையாகக் கடைந்தெடுத்த எஃகுப் பாகங்களில் பலன் அதைவிட அதிகம். மறுபக்கமாகப் பார்த்தால், ஆயுளைக் கொடுத்து வலிமையை வாங்கலாம் என்றும் இதே விதி சொல்கிறது. குடும்பக் காரின் என்ஜின் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைக்க வேண்டும். பந்தய என்ஜின் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் போதும், பிறகு பிரித்துப் புதுப்பிக்கப்படும். பிஎம்டபிள்யூ 1962இல் வெளியிட்ட 1500 என்ற சாதாரண செடான் காரின் ஒன்றரை லிட்டர் என்ஜின் 80 குதிரைத்திறன் தந்தது. அதே குடும்பத்து வார்ப்பிரும்பு பிளாக்கில், அதே ஒன்றரை லிட்டர் கொள்ளளவில், டர்போ பொருத்தி பால் ரோஷெயின் குழு உருவாக்கிய என்ஜின் 600 குதிரைத்திறனைத் தாண்டியது. 1983இல் நெல்சன் பிக்கே அதைக் கொண்டு உலக சாம்பியனானார். சாலைக் காருக்காக வார்த்த பிளாக்குக்குள் அவ்வளவு இருப்பு வலிமை ஒளிந்திருந்தது. நீண்ட ஆயுளுக்காகச் சேர்த்து வைத்த அந்த இருப்பைக் குறுகிய காலத்தில் செலவழிக்கத் துணிந்ததுதான் ரோஷெயின் குழு செய்தது.

வேறு வேலைக்காகப் பிறந்தவை இந்தக் கணக்கில் கார் பாகங்களைவிடவும் பொருத்தமாக அமைந்ததும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் வால்ட்டர் ஹாசன், ஹாரி மண்டி என்ற இரு பொறியாளர்கள் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்துக்காக ஒரு தீயணைப்பு பம்ப் என்ஜினை வடிவமைத்தார்கள். அரசு கேட்டிருந்தது ஆட்கள் தூக்கிச் செல்லக்கூடிய பம்ப். ஆகவே என்ஜின் அலுமினியத்தில் இலேசாக இருக்க வேண்டும். கிளப்பிய உடனே, சூடாகும்வரை காத்திராமல், முழு வேகத்தில் ஓட வேண்டும். தீயணைப்பு வீரரும் பந்தய ஓட்டுநரும் என்ஜினிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றே: இலேசாக இரு, முழுச் சக்தியில் நில். 1,020 சிசியில் 38 குதிரைத்திறன் அளவில் இருந்த அது, 1954இல் 1,098 சிசியாக வளர்ந்து பந்தயக் காருக்கு வந்தபோது 72 குதிரைத்திறன் தந்தது. கூப்பர்களும் லோட்டஸ்களும் சிறிய பந்தயப் பிரிவுகளில் அதைக் கொண்டு வெற்றி மேல் வெற்றி குவித்தன. பாகத்தைத் தேர்ந்தெடுப்பவர் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறார். எந்த நிபந்தனைகளுக்குப் பதிலாக அது பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் உச்சமான சான்று 1966. அந்த ஆண்டு ஃபார்முலா ஒன்னில் என்ஜின் கொள்ளளவு 3 லிட்டராக உயர்ந்தது. பெரிய நிறுவனங்கள் பன்னிரண்டு சிலிண்டர்களோடும் பதினாறு சிலிண்டர்களோடும் வந்தன. ஜாக் பிராபம் தம் சொந்தப் பெயரில் கட்டிய காருக்கு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த ரெப்கோ என்ற உதிரிபாக நிறுவனத்திடம் என்ஜின் கேட்டார். பொறியாளர் ஃபில் இர்விங் அதற்கு எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபில் எஃப்85 காருக்காகத் தயாரித்து 1963இல் கைவிட்டுவிட்ட 3.5 லிட்டர் அலுமினிய வி8 பிளாக். அதை 3 லிட்டராகக் குறைத்து, புது சிலிண்டர் ஹெட்டுகளும் புது க்ராங்க் ஷாஃப்ட்டும் பொருத்தினார். சுமார் 300 குதிரைத்திறன் தந்த அது போட்டியாளர்களின் என்ஜின்களைவிட வலுவில் குறைவு. ஆனால் இலேசு, எளிது, எரிபொருளும் குறைவு. பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி என நான்கு பந்தயங்களை வரிசையாக வென்று பிராபம் பட்டத்தைக் கைப்பற்றினார். தம் பெயருள்ள காரில் உலக சாம்பியனான ஒரே ஓட்டுநர் இன்றுவரை அவர்தான். கைவிடப்பட்ட பிளாக் ஒன்று உலகின் மிகக் கடினமான போட்டியை வென்றது தற்செயல் அல்ல. அலுமினியத்தை அவ்வளவு துல்லியமாக வார்க்கும் அச்சுகளுக்குச் செலவழிக்க ஒரு சிறு பட்டறையால் முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தச் செலவை லட்சக்கணக்கான கார்களின் மேல் பரப்பி முன்னரே கொடுத்து முடித்திருந்தது.

இந்த எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். ரெப்கோ பிளாக்கை வைத்துக்கொண்டது, ஹெட்டை மாற்றியது. பிஎம்டபிள்யூவும் அப்படியே. கூப்பர்கள் சித்ரோவன் ட்ராக்ஸியோன் அவான் என்ற பிரெஞ்சுக் காரின் கியர்பாக்ஸை எடுத்துத் திருப்பிப் பின்னால் வைத்தார்கள்; உள்ளே இருந்த கியர்களை மாற்றினார்கள், நாளடைவில் உறையையும் வலுவாக வார்த்துக்கொண்டார்கள். மைக் ஹ்யூலேண்ட் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கியர்பாக்ஸ் உறையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத் தளத்துக்கும் ஏற்ப எளிதில் மாற்றக்கூடிய கியர்களை உள்ளே வைத்து விற்றார். அசையாதவை, வார்க்கச் செலவு அதிகம் பிடிப்பவை இரவலாக வந்தன. வேகமாக அசைபவை புதிதாகச் செய்யப்பட்டன. காரணம் எளிது. பிஸ்டனை மேலும் கீழும் ஆட்டும் விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நிமிடத்துக்கு 4,500 சுற்று சுழன்ற என்ஜினை 9,000 சுற்றுக்குக் கொண்டுபோனால், கனெக்டிங் ராடுக்கு வரும் இழுவிசை நான்கு மடங்கு. காரின் எடையைக் குறைத்தாலும் இந்த விசை ஒரு துளியும் குறையாது. எடையைக் குறைத்தால் குறையும் சுமை, குறையாத சுமை என்று பாகங்களை இரண்டாகப் பிரித்துவிட்டால், எதை இரவல் வாங்கலாம், எதைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, திசை. இதுதான் அதிகம் ஏமாற்றுவது, ஏனென்றால் வரைபடத்தில் தெரியாது. பீட்டில் காரில் முன்னாலிருந்து பின்னாக வரிசை கியர்பாக்ஸ், அச்சு, என்ஜின். பந்தயக் காருக்கு வேண்டியது என்ஜின், அச்சு, கியர்பாக்ஸ். முழுத் தொகுதியையும் அரைவட்டம் திருப்பி வைத்தால் வரிசை சரியாகிவிடும், ஆனால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். நான்கு கியரில் பின்னோக்கியும் ஒன்றில் முன்னோக்கியும் போகும் கார்தான் கிடைக்கும். ஹ்யூலேண்ட் உறையையே தலைகீழாகக் கவிழ்த்தார். அமெரிக்காவில் பிறந்து 1963இல் அதிகாரபூர்வப் பிரிவான ஃபார்முலா வீ பந்தயத்தின் கார்களும் பீட்டில் பாகங்களால் ஆனவை; அவற்றில் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டினார்கள். எண்ணெயின் சிக்கல் இன்னும் நுட்பமானது. என்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் எண்ணெய் தேங்கியிருக்கும், அங்கிருந்து பம்ப் உறிஞ்சும். சாலைக் காரில் அந்த எண்ணெயின் மேற்பரப்பு பெரும்பாலும் கிடைமட்டமாகவே இருக்கும். வளைவில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் எண்ணெய் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ளும். பந்தயக் கார் அந்த நிலையில் பல நொடிகள் தொடர்ந்து ஓடும். பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங்குகள் வறண்டு கருகும். எஃகில் எந்தக் குறையும் இல்லை. தரை எப்போதும் கீழேதான் இருக்கும் என்று அந்தப் பாகம் நம்பியிருந்தது, அவ்வளவே. ஆகவே தடுப்புத் தகடுகள் வந்தன. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துப் பல பம்ப்புகளால் இறைக்கும் உலர் சம்ப் முறையும் வந்தது.

இங்கே வலுவான ஓர் எதிர்ப்பு எழும். இறுதியில் வென்றது சிறப்புப் பாகங்கள்தானே? 1967 ஜூன் மாதம் ஸான்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் முதல் ஓட்டத்திலேயே வென்ற காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜின் பந்தயத்துக்கென்றே பிறந்தது. அதற்குப் பிறகு ரெப்கோ போன்ற கதைகள் உச்சப் போட்டியில் அருகிவிட்டன. ரெப்கோவே 1967இல் தன் சொந்த பிளாக்குக்கு மாறியது. ஹ்யூலேண்டும் சொந்த உறைகளை வார்க்கத் தொடங்கினார். இந்த எதிர்ப்பில் உள்ள உண்மையை மறுக்க வேண்டியதில்லை. பணம் தாராளமாக இருந்து, ஒவ்வொரு கிராமும் ஒவ்வொரு நொடியின் பின்னமும் கணக்கில் வரும் இடத்தில், ஒரே வேலைக்காக வடிவமைத்த பாகம் இரவல் பாகத்தை வெல்லும். ஆனால் பந்தயம் என்பது உச்சப் போட்டி மட்டும் அல்ல. அதே 1967 ஜூலையில் பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தளத்தில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது: ஃபோர்டு கார்ட்டினாவின் என்ஜின், சாலை டயர்கள், 1,000 பவுண்டுக்குள் ஒரு கார். அந்தப் பள்ளியில் பயின்று எமர்சன் ஃபிட்டிபால்டியும் ஜேம்ஸ் ஹண்ட்டும் அயர்ட்டன் சென்னாவும் வந்தார்கள். கெகே ரோஸ்பெர்க் ஃபார்முலா வீயில் ஓட்டியவர். எல்லோருக்கும் ஒரே இரவல் என்ஜின் என்னும்போது பணத்தின் பலம் சுருங்கி, ஓட்டும் திறனும் காரைச் சீர்செய்யும் அறிவும் முன்னுக்கு வருகின்றன. அதுமட்டும் அல்ல, டிஎஃப்வியைக் கட்டியவர்களும் ஃபோர்டின் சாலை என்ஜின்களைத் திருத்தியமைத்தே தொழில் கற்றவர்கள்.

இன்னோர் எதிர்ப்பு பாதுகாப்பைப் பற்றியது. இதை நான் எல்லாவற்றையும்விடத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் உயிர் போகும். காயலான் கடையில் கிடைக்கும் அச்சின் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. அது எத்தனை பள்ளத்தில் இறங்கியது, ஒரு விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்பது வெளியே தெரியாது. சோர்வு விரிசல் கடைசி நாள்வரை மறைந்தே இருக்கும். முன்னே சொன்ன சுமைக் கணக்கு முழுவதும் பாகம் நல்ல நிலையில் இருக்கிறது என்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இரவல் என்பதையும் பழையது என்பதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஸ்டியரிங், பிரேக், சக்கர அச்சு ஆகியவற்றுக்குப் புதிய உதிரி பாகமே வேண்டும். இல்லையேல் விரிசலில் ஊறி நிறம் காட்டும் சாயத்தாலோ, விரிசலின் ஓரத்தில் இரும்புத் தூளைத் திரட்டும் காந்த முறையாலோ சோதித்த பாகமாவது வேண்டும். வடிவத்தோடு கூடப் பிறந்த குறைகளும் உண்டு. பீட்டிலின் பின் அச்சு வளைவில் காரின் பின்புறத்தைத் தூக்கி, வெளிப்பக்கச் சக்கரத்தை அடியில் மடக்கிவிடும் இயல்புடையது. ஃபார்முலா வீ கட்டுபவர்களை விதிகள் அந்த அச்சிலிருந்து விலக விடவில்லை. அவர்கள் பின் ஸ்பிரிங் அமைப்பு உடல் சாய்வை எதிர்க்கவே கூடாது என்று முடிவெடுத்து, சாய்வைத் தாங்கும் வேலை முழுவதையும் முன்பக்கத்திடம் ஒப்படைத்தார்கள். குறையை அறிந்தவர்களுக்கு அது ஒரு வடிவமைப்புக் கணக்கு, அறியாதவர்களுக்கு விபத்து.

இந்த முறை நம் ஊருக்கு அந்நியம் அல்ல. இறக்குமதி மூடப்பட்டிருந்த காலத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள், உள்ளூரில் கிடைத்த கார்களையும் அவற்றின் பாகங்களையும் நம்பியே ஓடின. 1960களில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் முன்சக்கரங்களைத் தாங்கும் வார்ப்பைத்தான் லோட்டஸ் செவனும் பிரிட்டனின் பல சிறு பந்தயக் கார்களும் இரவலாக எடுத்துக்கொண்டன. 1980களில் மாருதி 800 வந்த பிறகு, கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதனின் பெயர் தாங்கிய கோவை செட்டிபாளையம் தளத்தில் இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு போட்டியிடுகிறார்கள். பலருடைய கார்களில் இருப்பது கேடிஎம் 390 போன்ற மோட்டார் சைக்கிள்களின் என்ஜின். பெட்ரோல் என்ஜின் சுவாசிக்கும் காற்று 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. என்ஜின் சக்திக்கு அப்படி உச்சவரம்பு போட்டுவிட்டால் மிச்சமிருக்கும் போட்டிக்களம் எடை, அமைப்பு, இணைப்பு ஆகியவைதான். 1946இல் சர்பிட்டனில் இருந்ததும் அதே களம்.

அடுத்தவர் செய்ததைப் பூட்டுவதில் படைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், ஒரு கார் வேகமாக ஓடுவதற்குக் காரணமான எந்தத் தனிப் பாகத்தையாவது சுட்டிக்காட்ட முடியுமா என்று யோசிக்கலாம். முடியாது. வேகம் எந்தப் பாகத்திலும் இல்லை. பாகங்களுக்கு இடையே உள்ள உறவில் இருக்கிறது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் தகட்டின் தடிமன், அச்சைப் பிடிக்கும் தாங்கியின் கோணம், எடை நான்கு சக்கரங்களுக்கும் பிரியும் விகிதம் ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவற்றைக் கட்டுபவரே கணக்கிட்டாக வேண்டும். புதிதாக ஒரு பாகத்தை வடிவமைப்பவர் தமக்குத் தெரிந்த தேவைகளை அதில் எழுதுகிறார். இரவல் பாகத்தை எடுப்பவர், வேறொருவர் எழுதி வைத்த தேவைகளை அதிலிருந்து படித்தறிய வேண்டும்: இது எவ்வளவு சுமைக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்தத் திசைக்குச் செய்யப்பட்டது, அதில் எதை நான் மீறப்போகிறேன்? நம் பொறியியல் கல்லூரிகள் சூத்திரங்களைக் கற்றுத்தரும் அளவுக்கு இந்தப் படிப்பைக் கற்றுத்தருவதில்லை. ஒரு மாணவர் பழைய ஸ்கூட்டரின் பிரேக்கைக் கையில் எடுத்து அதன் சுமைக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கும்போது, பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடந்த ஆற்றலும் சோர்வும் வடிவியலும் ஒரே கேள்வியாக இணைகின்றன. இரவல் பாகங்களில் கார் கட்டுவதை ஒவ்வொரு பொறியியல் கல்லூரியின் பட்டறையிலும் கட்டாயப் பாடமாக வைக்கலாம். அதற்குத் தேவையான பாகங்கள் ஏற்கெனவே நம்மிடம் குவிந்திருக்கின்றன.